மலைநாட்டில் பழைய காருக்குக் கியர் பெட்டி, டிபரன்ஷல் சாமான் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளை, கண்டிப் பக்கங்களில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ட்ரையம்ப் ஹெரால்ட், ஃபியட் 1100, வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இன்ஜினைப் பற்றி அதிகம் இல்லை. கிளச் தொடங்கிப் பின்சில்லு வரை உள்ள பாகங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்: கியர் பெட்டி, அதன் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாப்ட், அதைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷல் போன்றவை. அதிகம் கேட்கப்படுவது மொரிஸ் மைனர் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அதிலிருந்தே வரும்.

புத்தகத்தில் 1958 மொரிஸ் மைனர் என்று இருக்கிறது. அதைச் சொல்லித்தான் கியர் பெட்டியும் கிளச்சும் வாங்கினேன். பொருந்தவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டு காருக்கு உரியது. உள்ளே இன்று இருக்கும் பாகங்கள் அந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் புதுச் சாமான் வருவது அரிது. 1977க்குப் பிறகுதான் கதவு திறந்தது. அதுவரைக்கும் எந்தப் பாகம் கிடைத்ததோ, எது பொருந்தியதோ, அதைப் போட்டு நம் பாஸ்மார், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்குமார், வண்டியை ஓட வைத்தார்கள். அவர்கள் கைத்திறனால்தான் இந்தக் கார்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அதன் விளைவாக ஒரே காருக்குள் மூன்று காலத்துச் சாமான் இருக்கலாம்.

மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் வந்த எம்.எம். வகைக்கு 918 சிசி சைட் வால்வ் இன்ஜின். 1952இல் ஒஸ்டினின் ஏ சீரிஸ் 803 சிசி வந்தது. 1956இல் மைனர் 1000 என்ற பெயரோடு 948 சிசி, 1962இல் 1098 சிசி. கியர் பெட்டியும் கிளச்சும் இவற்றோடு சேர்ந்து மாறின. 948 வரை கிளச் 6¼ அங்குலம், 1098இல் 7¼ அங்குலம். 948இன் கியர் பெட்டி வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். 1098இன் பெட்டியில் வரிவரியாக விலா எலும்பு போன்ற மேடுகள் ஓடும். காருக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இன்ஜின் எண் 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098.

ஆகவே கடைக்குப் போகும்போது காரின் பெயரையும் ஆண்டையும் சொல்லாதீர்கள். எந்தப் பாகம் வேண்டுமோ அதன் எண்ணையும் அளவையும் சொல்லுங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எண்ணை எங்கே தேடுவது?

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு முதலில் நன்றாகக் கழுவுங்கள். கியர் பெட்டியின் உடலில் மேடாக வார்க்கப்பட்ட எண் ஒன்று இருக்கும். அது வார்ப்பு எண். சாமான் புத்தகத்தில் உள்ள பாக எண்ணும் அதுவும் பெரும்பாலும் ஒன்றாக இராது. எந்த வகைப் பெட்டி என்று அடையாளம் காண அது உதவும், ஓடர் கொடுக்க உதவாது.

பெயாரிங்குக்கு எண் அதன் வளையத்தின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய இங்கிலாந்துக் கார்களில் பல பெயாரிங்குகள் அங்குல அளவில் செய்தவை. ஒரே பெயாரிங்கை ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு எழுத்தில் குறிக்கும். எல்ஜே1 என்று ஒரு கம்பனி குறிப்பதை எஸ்கேஎஃப் கம்பனி ஆர்எல்எஸ்8 என்று குறிக்கும். இரண்டும் உள்விட்டம் 1 அங்குலம், வெளிவிட்டம் 2¼, அகலம் ⅝ அங்குலம் உள்ள பெயாரிங்தான். கடைக்காரர் பழைய எழுத்தைக் கேட்டு இல்லை என்று சொன்னால் மூன்று அளவையும் சொல்லிக் கேளுங்கள். பல தடவை அவருடைய தட்டிலேயே இருக்கும். தேய்ந்து எண் அழிந்திருந்தால் வேர்னியர் அளவுகோல் கொண்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் 25.4, 57.15 என்று வந்தால் அது அங்குல பெயாரிங். கிட்டத்தட்ட அதே அளவிலுள்ள மில்லிமீட்டர் பெயாரிங்கை அடித்து ஏற்ற யாரையும் விடாதீர்கள்.

ஒயில் சீலுக்கும் இதே மூன்று அளவுகள் போதும்.

புரொப்பலர் ஷாப்டின் யுனிவர்சல் ஜொயின்டுக்குக் கிண்ணத்தின் விட்டம், எதிரெதிர்க் கிண்ணங்களின் முகத்துக்கு முகம் உள்ள நீளம், பூட்டு வளையம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிலுவை வடிவப் பாகம் என்றதும் ஏதோ பொருந்தும் என்று வாங்கி வருபவர்கள் அதிகம். அரை மில்லிமீட்டர் வித்தியாசமும் சில மாதத்தில் தட்டல் சத்தமாக வெளியே வரும்.

டிபரன்ஷல் எந்த விகிதம் என்று கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஒரு துணையாளும் போதும். காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சில்லைத்தான் பிடிக்கும், அதனால் அதை விடுவிக்க வேண்டியிருக்கும். கட்டை அவசியம் என்பது அதனால்தான். மலைநாட்டு முற்றங்களில் சமதரை கிடைப்பது கஷ்டம், ஆனாலும் சரிவில் இதைச் செய்யவே கூடாது. கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். மற்றச் சில்லு தரையிலேயே இருக்கட்டும். தூக்கிய சில்லிலும் புரொப்பலர் ஷாப்டிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு, சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பலர் ஷாப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம்.

நாலரைக்குச் சற்று மேல் என்றால் 4.55. அது 948க்கு வந்த டிபரன்ஷல், உள்ளே உள்ள சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 9 பல், அது சுற்றும் பெரிய சக்கரமான கிரவுன் வீலுக்கு 41 பல். நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.22. அது 1098க்கு வந்தது, 9க்கு 38. ஐந்தேகால் பக்கம் வந்தால் 803 காலத்தது.

அப்படியானால் எந்த விகிதம் நல்லது? கொழும்பில் இருப்பவர்கள் 3.9 போடச் சொல்கிறார்களே.

ஏ சீரிஸ் பின் அச்சில் ஒரு பெரிய வசதி உண்டு. மைனர், ஒஸ்டின் ஏ35, சிறிய ஃபரீனா ஏ40, ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட் எல்லாம் ஒரே குடும்பம். டிபரன்ஷலின் நடுத்தொகுதியை முன்பக்கமாகக் கழற்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். 1275 மிட்ஜெட்டிலிருந்து வந்த 3.9 தொகுதி மைனருக்குள் போகும் என்பது உண்மைதான். காலி வீதியில் ஓடுகிறவருக்கு அது சுகம். இன்ஜின் கத்தாமல் வேகம் கிடைக்கும்.

நம் பாதையில் நிலைமை வேறு. 4.55ஐ எடுத்துவிட்டு 3.9 போட்டால் சில்லுக்குப் போகும் இழுவையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். றம்பொடை வளைவுகளிலும் பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும்போதும் அந்தப் பங்குதான் வண்டியை இரண்டாம் கியரில் வைத்திருக்கிறது. அது போனால் முதலாம் கியருக்கு இறங்க வேண்டிவரும். அந்தப் பெட்டியில் முதலாம் கியருக்குச் சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி மாற்ற உதவும் வளையம்) கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பல் உடையும். இறக்கத்திலும் இதே கதைதான். விகித எண் குறையக் குறைய இன்ஜின் பிடிப்புக் குறைந்து, முழுப் பாரமும் டிரம் பிரேக்கில் விழும்.

மலையில் குடியிருக்கும் 948 காருக்கு 4.55ஐ விட்டுவிடாதீர்கள். 1098 இன்ஜினுக்கு 4.22 சரியாக இருக்கும். 3.9 மலிவாகக் கிடைத்தால் வாங்கித் தாழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஹட்டனில் இருந்துகொண்டு எங்கே தேடுவது? உடனே கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளுக்குத்தான் போக வேண்டுமா?

பஞ்சிகாவத்தைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும், ஆனால் முதலில் இங்கேயே தேடுங்கள். தோட்டத்துப் பங்களாக்களின் பின்கட்டு, தேயிலைத் தொழிற்சாலையின் பழைய ஸ்டோர், மூடிக்கிடக்கும் கராஜ், இவற்றில் இன்னும் பெட்டி பிரிக்காத சாமான் கிடக்கிறது. துரைமார் காலத்தில் கார் கெட்டால் கொழும்பிலிருந்து பாகம் வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்தார்கள். தோட்ட இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் இந்த மலையில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியது. அந்தப் பரம்பரையில் வந்த பிட்டர்கள், பாஸ்மார் யாரிடம் எது இருக்கிறது என்று மனதில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு பெயரைக் கேட்டுப் போனால் அங்கே இன்னொரு பெயர் கிடைக்கும். போனில் கேட்பதைவிட நேரே போய் ஒரு தேநீர் குடித்துப் பேசுவதுதான் பலன் தரும். பழைய காரை நேசிக்கிறவர் என்று தெரிந்தால் விற்க மாட்டேன் என்று வைத்திருந்ததையும் எடுத்துத் தருவார்கள்.

நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் 1930களிலேயே தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குப் பழைய கார்க்காரர்களும் வருவார்கள். அந்தக் காலத்தில் உங்கள் தேவையை ஒரு துண்டில் அளவோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொழும்பிலுள்ள பழைய கார்க் கழகங்களும் உறுப்பினருக்குள் சாமான் மாற்றிக்கொள்வார்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால் காலையிலேயே போங்கள். பழைய பாகம் கையில் இருக்கட்டும், வேர்னியர் பையில் இருக்கட்டும். முதல் கடையில் இல்லை என்றால் அதே கடைக்காரரிடமே யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். கிளச் பிளேட்டுக்குப் புது லைனிங் ரிவெட் அடித்துத் தருவது போன்ற வேலைகளையும் அங்கே முடித்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து எடுக்கலாமா? சென்னையில் சொந்தக்காரர் இருக்கிறார்.

இது காரைப் பொறுத்தது. சில கார்களுக்கு இந்தியாதான் மிக நல்ல வழி, பலர் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஹிந்துஸ்தான் அம்பாசிடர் என்பது மொரிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் சீரிஸின் வாரிசு. 2014 வரை அங்கே தயாரித்தார்கள். அதிலிருந்த 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின் நம் ஊர் ஒக்ஸ்போர்டிலும் ஒஸ்டின் ஏ50, ஏ55 கேம்பிரிட்ஜிலும் இருக்கும் அதே இன்ஜின். கிளச், பெயாரிங், கியர் பெட்டியின் உட்பாகங்களில் பொருந்துவன பல உண்டு. ஒரு எச்சரிக்கை: 1990களிலிருந்து இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த அம்பாசிடர்கள் உண்டு. அவற்றின் கிளச்சும் பெட்டியும் உங்களுக்கு உதவாது. சொந்தக்காரர் கடைக்குப் போகும்போது வெறும் அம்பாசிடர் என்று சொல்லாமல், பழைய பி சீரிஸ் பெட்ரோல் என்று சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் அனுப்பிய படத்தோடும் அளவோடும்.

ஃபியட் 1100 வைத்திருப்பவர்கள் பிரீமியர் பத்மினி சாமானைக் கேட்கலாம், இரண்டும் அதே காரின் வழி. ட்ரையம்ப் ஹெரால்டைச் சென்னையிலேயே 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று செய்தார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் அதை இன்னும் விசாரிக்கலாம். வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று மஹிந்திரா பல ஆண்டுகள் தயாரித்ததால் ஜீப்காரர்களுக்குக் கவலையே குறைவு.

மைனர்காரர்களுக்கு அங்கே பெரிய பலன் இல்லை. அவர்களுக்கு இங்கிலாந்துதான்.

இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகுமா?

சிறிய பாகங்களுக்கு ஆகும். கிளச் செட், பெயாரிங், சீல், யுனிவர்சல் ஜொயின்ட், லே ஷாப்ட், சின்க்ரோ வளையம் எல்லாம் அங்கே மைனருக்கென்றே இருக்கும் கடைகளில் புதிதாகக் கிடைக்கும். சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்குக் கணக்கிடப்படும். தனித்தனியாக நாலு பார்சல் வரவழைத்தால் நாலு தடவை அந்தச் செலவு. பெட்டியை முழுதாகப் பிரித்துப் பார்த்து, தேவை முழுவதையும் எழுதி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஓடராகப் போடுங்கள்.

முழுக் கியர் பெட்டி வேறு விஷயம். பாரம் அதிகம். அதோடு அங்கே பழுதுபார்த்த பெட்டி விற்பவர்கள் உங்கள் பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பினால்தான் விடுவதாக ஒரு முன்பணத்தைப் பிடித்து வைப்பார்கள். இங்கிருந்து அதை அனுப்பும் செலவு அந்த முன்பணத்தையே தின்றுவிடும். பாகங்களை மட்டும் வரவழைத்து, பெட்டியை இங்கே ஒரு நல்ல பாஸிடம் கட்டுவதுதான் என் சிபாரிசு.

லேத் பட்டறையில் செய்துகொள்ள முடியாதா?

சிலவற்றை மிக நன்றாகச் செய்யலாம். வெண்கலப் புஷ், ஸ்பேசர், வொஷர், தேய்ந்த ஷாப்டில் சீல் உட்காரும் இடத்துக்கு ஒரு ஸ்லீவ், இவை நம் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை. புரொப்பலர் ஷாப்டை வெட்டி நீளம் மாற்றவும் முடியும். ஆனால் இரு முனைக் கவைகளும் ஒரே கோட்டில் நிற்கும்படி ஒட்ட வேண்டும், பிறகு பாலன்ஸ் பார்க்க வேண்டும். கோடு தவறினால் கார் முழுவதும் நடுங்கும்.

டிபரன்ஷலிலிருந்து சில்லுக்குப் போகும் ஹாப் ஷாப்ட் நடுத்தரம். சரியான உருக்கும் அதற்குரிய வெப்பப் பதமும் இருந்தால் நிற்கும். ஏதோ ஒரு கம்பியில் கடைந்து பல் வெட்டிக் கொடுத்தால் முதல் ஏற்றத்திலேயே முறுகும். ஏற்றத்தில் ஹாப் ஷாப்ட் உடைந்தால் வண்டி இழுக்காது, இன்ஜினால் பிடித்து நிறுத்தவும் முடியாது, பின்னுக்கு உருளத் தொடங்கும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சாய்பல் கியர்களும் கிரவுன் வீல், பினியனும் இங்கே செய்யும் வேலை அல்ல. பல் உடைந்த இடத்தில் வெல்ட் வைத்து அரம் போடுவதும் கூடாது.

பழைய டிபரன்ஷல் ஒன்று கிடைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று அரைத்துப் பதப்படுத்திய சோடி. இரண்டிலும் ஒரே சோடி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் சத்தத்தை நிறுத்தவே முடியாது. பல்லின் முகத்தில் அம்மைத்தழும்பு போல் குழி இருந்தால் வேண்டாம். பினியனைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பெயாரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியதே, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். துரு மேலோட்டமாக இருந்தால் பயமில்லை. நீர் தேங்கிப் பெயாரிங் வளையத்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் பெயாரிங் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்கிறார்களே?

டட்சன் சன்னி இன்ஜினும் பெட்டியும் போட்ட மைனர்கள் பல ஓடுகின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. தினமும் வேலைக்குப் போக வேறு வண்டி இல்லாதவர் அதைச் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியை உட்காரவைக்கத் தரையின் நடுமேட்டையும் குறுக்குச் சட்டத்தையும் வெட்டுகிறார்கள். அந்த வெட்டைத் திருப்பி ஒட்டி முன்போல ஆக்குவது மிகக் கஷ்டம். இன்று சன்னிக்கும் சாமான் அருகிக்கொண்டுதான் வருகிறது. ஏ சீரிஸுக்கு இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து எதற்குச் சாமான் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்ஜினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இன்ஜின் எண்ணைப் பதிந்தே ஆக வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எப்படிச் செய்தாலும் கழற்றிய பழைய பெட்டியை இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். யாராவது ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

இறக்கத்தில் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வருகிறது. சாமான் வரும்வரை கையால் பிடித்துக்கொண்டு ஓட்டலாமா?

வேண்டாம். கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ ஒருமுறை கை நழுவினால் போதும். வண்டியை நிறுத்திவைத்துப் பெட்டியை இறக்குங்கள். எல்லாத் தடவையும் கியரே போயிருக்க வேண்டும் என்றில்லை. கியரைத் தெரிவு செய்யும் நீள்கம்பியை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். இவை சின்னச் செலவு. ரப்பரை முதலில் பாருங்கள், அதற்குப் பெட்டியை இறக்கவே தேவையில்லை.

கிளச் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

மைனரின் கிளச்சைத் தள்ளுவது கார்பன் வளையம், உருளைப் பெயாரிங் அல்ல. மிதியில் கால் இருக்கும் நேரமெல்லாம் அது தேய்கிறது. ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது பாதிக் கிளச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவது மலைநாட்டில் ஒரு பழக்கமாகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்துவிடுங்கள். பிளேட்டும் வளையமும் இரண்டு மடங்கு காலம் வந்தாலும் வரும்.

எந்த ஒயில்?

மைனர் கியர் பெட்டிக்கு இன்ஜின் ஒயில்தான். அந்தக் காலத்தில் 30, இன்று 20டபிள்யூ50. கடைக்காரர் கியர் ஒயிலைத்தான் எடுத்து நீட்டுவார், வாங்காதீர்கள். டிபரன்ஷலுக்கு ஹைப்போயிட் ஈபி90. வேறு கார்களுக்கு அந்தந்தப் புத்தகத்தைப் பாருங்கள். கியர் பெட்டிக்குக் கியர் ஒயில்தான் என்று புத்தகம் சொன்னால் ஜிஎல்4 தரம் கேளுங்கள். ஜிஎல்5இல் உள்ள சில இரசாயனங்கள் வெண்கலச் சின்க்ரோ வளையத்தை அரிக்கும்.

ஒயில் மாற்றும்போது பின் அச்சின் மேலே உள்ள மூச்சுத் துளையையும் சுத்தம் செய்யுங்கள். நம் மண்பாதைச் சேறு அதை அடைத்துவிடும். அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஒயில் சீலைத் தாண்டிப் பிரேக் ஷூவில் இறங்கும்.

கிடைத்த சாமானை எப்படிப் பத்திரப்படுத்துவது? நுவரெலியாக் குளிரில் எல்லாம் துருப்பிடிக்கிறது.

ஈரமே இல்லாமல் துடைத்து, கிரீஸ் கனமாகப் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை. கிரீஸ் பூசாமல் பிளாஸ்டிக்கில் மட்டும் கட்டினால் உள்ளே வியர்த்துத் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ரப்பர் சீல், கிளச் லைனிங் இரண்டிலும் கிரீஸ் படக்கூடாது, அவற்றைத் தனியே வைக்க வேண்டும். ஒவ்வொரு பொதியிலும் என்ன பாகம், என்ன எண், எந்த இன்ஜினுக்கு, எங்கே வாங்கியது என்று எழுதிய அட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள், பென்சிலால். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.